மூலிகைதானே என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்

மெடிக்கல் ஷாப்புக்குப் பயிற்சிக்கு வரும் டி.பார்ம் (மருந்தாளுநர் டிப்ளமோ) பிள்ளைகளுக்கு எக்ஸ்பயரி பார்ப்பதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சித்தா, ஆயுர்வேதம் என்று ஒருவர் கேட்டுவிட்டால், அந்த வயதில் நாங்கள் செய்த தவறுகளையே செய்கிறார்கள்.

வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காதது

இதை மட்டும் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு பெரியவர் வறட்டு இருமலுக்கு மூலிகையாக ஏதாவது கேட்டார். பையன் அதிமதுரச் சூரணத்தை எடுத்து வைத்து, "காலையிலயும் நைட்டும் தேன்ல குழைச்சுச் சாப்பிடுங்க ஐயா, சைடு எஃபெக்ட்டே கிடையாது" என்றான். அவர் கையிலிருந்த கவரில் நீர் பிரிய வைக்கும் ஃபுரோசிமைடும் இதயத்துக்கான டிகாக்ஸினும் இருந்தன. சற்று முன்னால் அவனே சீட்டைப் பார்த்து எண்ணிக் கொடுத்தவை!

அதிமதுரத்தில் கிளிசிரைசின் என்ற பொருள் இருக்கிறது. தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும்; பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஃபுரோசிமைடு ஏற்கெனவே பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிற மாத்திரை. பொட்டாசியம் குறைந்த உடம்பில் வழக்கமான அளவு டிகாக்ஸினே நஞ்சாகி இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். இது ஒரே நாளில் தெரியாது. கை கால் சோர்ந்து, தலை சுற்றி அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சூரணம் யார் நினைவுக்கும் வராது. அதை மருந்துக் கணக்கில் சேர்த்து டாக்டரிடம் சொல்பவர்கள் குறைவு.

சூரணத்தைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, இருமலை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். இதய நோயாளிக்கு வரும் இருமலை நாம் கவுன்டரில் வைத்துத் தீர்க்கக் கூடாது. வேறு நோய், மாத்திரை எதுவும் இல்லாத இளைஞருக்குச் சில நாள் அதே அதிமதுரம் கொடுக்க எனக்குத் தயக்கமில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். சூரிச்சில் இதய மாற்று அறுவை செய்துகொண்ட இருவர், மனச்சோர்வுக்கு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையைச் சாப்பிட்டார்கள். ரத்தத்தில் மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு சரிந்து, உடம்பு புது இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியது. 2000-இல் மருத்துவ இதழில் வெளிவந்த செய்தி இது.

சுகர், பிரஷர், தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, கர்ப்பம். இந்த ஐந்தையும் கேட்காமல் அலமாரிப் பக்கம் கை போகக் கூடாது.

"இதெல்லாம் பொய்" என்று முகத்தில் அடிப்பது

அப்படிச் சொன்னால், கேட்டு வந்தவர் நம்மிடம் சொல்லாமல் வேறு கடையில் வாங்கிக்கொள்வார்.

லேபிளைப் படிக்காமல் விற்பது

நம் நாட்டில் சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிக்கத்தான் உரிமம் வேண்டும், விற்பதற்குத் தேவையில்லை. அதனால் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து ஸ்டாக் வைக்கச் சொல்வார்கள். லேபிளில் உற்பத்தி உரிம எண் இல்லையா, திருப்பி அனுப்புங்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது. அப்படி அச்சடித்த டப்பாவை வாங்கவே வேண்டாம். மூட்டுவலி ஒரே நாளில் பறந்துவிடும் என்கிற பெயரில்லாப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

மார்ஜின் பார்த்துப் பரிந்துரைப்பது

கூடாது.

சத்து மாத்திரையைக் கணக்கில் சேர்க்காதது

தைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்குக் கால்சியமோ இரும்புச் சத்தோ கொடுத்தால், இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வாயால் சொன்னால் போதாது, கவரிலும் எழுதிக் கொடுங்கள்.