காசநோய் இறப்புகளை ஆராய முற்படும் மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காசநோய் இறப்பைக் குறைக்க வேண்டும் என்பது ஒரு நோக்கமே. அது ஆய்வுக் கேள்வி ஆகிவிடாது. யாரிடம், எதனை, எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவை, எத்தனை நாளுக்குள் அளக்கப் போகிறோம் என்ற ஐந்தும் ஒரே வாக்கியத்துக்குள் வந்த பிறகே படிவம் அச்சிடுவதைப் பற்றி நினைக்கலாம். எடுத்துக்காட்டாக, “புதிதாகக் காசநோய் உறுதியான 18 வயது நிரம்பியவர்களில், நோய் கண்டறியப்பட்ட நாளில் உடல் நிறைக் குறியீடு (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 16-க்குக் கீழ் உள்ளவர்கள், மற்றவர்களைவிட எத்தனை மடங்கு கூடுதலாக முதல் 60 நாள்களில் இறக்கிறார்கள்?” என்று கேட்கலாம். 60 நாள் என்ற வரம்புக்குக் காரணம் உண்டு. காசநோய் இறப்புகளில் பெரும்பங்கு நோய் கண்டறிந்த முதல் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்கிறது. ஆய்வுக்கூடப் பரிசோதனையை எதிர்பாராமல், உடல் எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிறர் தாங்காமல் நிற்க முடிகிறதா என்பவற்றை வைத்தே ஆபத்தில் உள்ளவர்களைப் பிரித்தறிந்து உள்நோயாளியாகச் சேர்க்கும் ‘தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ 2022-இல் தொடங்கப்பட்டதும் இதனால்தான்.

கேள்வியே ஆய்வு முறையைத் தீர்மானிக்கும். ஒருவரைப் பட்டினி போட்டுச் சோதிக்க முடியாது என்பதால், மேற்கண்ட கேள்விக்கு நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் திரள் ஆய்வே பொருந்தும். ஆனால் “உணவு கொடுத்தால் நோய் குறையுமா?” என்பது கேள்வியானால், குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடலாம். 2023-இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு நோயாளிகளின் வீட்டாருக்கு உணவுப் பொட்டலம் வழங்கி, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது சுமார் 40 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. சானடோரியத்தில் (காசநோயாளிகள் மாதக்கணக்கில் தங்கும் மருத்துவமனையில்) படுக்க வைத்தால்தான் குணமாகும் என்ற நம்பிக்கையை 1950-களின் இறுதியில் சென்னைக் காசநோய் ஆய்வு மையம் கேள்விக்குள்ளாக்கியதும், நோயாளிகளை வீட்டுச் சிகிச்சை, சானடோரியச் சிகிச்சை எனக் குலுக்கல் முறையில் பிரித்துத்தான்.

ஆய்வில் சேர்க்கும் நாளை எப்படிக் குறிக்கிறோம் என்பதில் பல ஆய்வுகள் சறுக்குகின்றன. சிகிச்சைப் பதிவேட்டிலிருந்து பெயர்களை எடுத்தால், நோய் உறுதியாகி மருந்து தொடங்குமுன்பே இறந்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்; இறப்பு விகிதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஆகவே சளிப் பரிசோதனைப் பதிவேட்டிலிருந்து தொடங்கி, நோய் உறுதியான நாளையே முதல் நாளாகக் கொள்ள வேண்டும். ஒரே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மட்டும் நோயாளிகளைத் திரட்டுவதும் நல்லதன்று. மிகவும் முற்றியவர்களே அங்கு அனுப்பப்படுவதால், ஆரம்ப சுகாதார நிலையங்களையும் தனியார் மருத்துவர்களிடம் சிகிச்சை பெறுபவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அளவீட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எழுந்து நிற்க முடியாதவரின் உயரத்தை அளக்க முடியாது. ஊழியர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவார். பகுப்பாய்வு செய்பவர் “தரவு இல்லை” என்று அந்த நோயாளியை நீக்குவார். இறக்கும் வாய்ப்பு மிகுந்தவரே இப்படி விடுபட்டுப் போகிறார். படுத்திருப்பவருக்கு மேற்கைச் சுற்றளவை அளக்கவும், ஏன் நிற்க முடியவில்லை என்பதை எழுதவும் படிவத்திலேயே இடம் விடுங்கள். தொடர்பு விட்டுப் போனவர்களையும் உயிருடன் இருப்பதாகக் கருதிவிடக் கூடாது. தொலைபேசி, வீட்டுக்கே செல்லுதல், இறப்புப் பதிவேடு ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே “தெரியவில்லை” என்று குறிக்கலாம்.

எத்தனை பேர் வேண்டும்? இறப்பு 6 சதவீதம் இருக்கும் என்று கொண்டு, அதனை 1.5 சதவீதப் புள்ளி முன்பின்னாக, 95 சதவீத நம்பிக்கையுடன் மதிப்பிட 963 பேர் தேவை; பத்தில் ஒருவர் விட்டுப் போவார் என்றால் 1,070 பேர். இவ்வளவு பேரிலும் இறப்புகள் 60-ஐ ஒட்டியே இருக்கும் என்பதால், ஒரு காரணிக்குப் பத்து இறப்பு என்ற நடைமுறைக் கணக்கின்படி, ஆறு காரணிகளுக்கு மேல் பகுப்பாய்வுச் சமன்பாட்டில் திணிக்க முடியாது. மெலிவோடு சேர்த்து வயது, நீரிழிவு, எச்.ஐ.வி, மது, முந்தைய காசநோய் ஆகியவற்றை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து ஆய்வுத் திட்ட ஆவணத்தில் எழுதிவிடுங்கள். ஆக்சிஜன் குறைவை இந்தப் பட்டியலில் சேர்க்கத் தயங்க வேண்டும்; மெலிவு உயிரைப் பறிக்கும் வழியில் அது ஒரு படியாக இருக்கக்கூடும் என்பதால், அதன் தாக்கத்தைக் கணக்கில் கழித்துச் சரிக்கட்டினால் தேடும் விளைவே மறைந்துவிடலாம். நோயும் உடலை மெலிய வைக்கும் என்பதால், கிடைக்கும் தொடர்பை உடனே காரணமென்று அறிவிப்பதும் அவசரமே.

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலின்றி ஒருவரையும் சேர்க்கக் கூடாது. சிகிச்சையை ஒப்பிடும் ஆய்வாக இருந்தால், முதல் நோயாளியைச் சேர்க்குமுன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவு செய்ய வேண்டும். இது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். கண்காணிப்பு ஆய்வாக இருந்தாலும், அபாய அறிகுறியுடன் ஒருவரைக் கண்டால் அவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். அதனால் ஆய்வு முடிவு மாறினாலும் பரவாயில்லை.

முடிவை எழுதும்போது மடங்குக் கணக்கோடு நிற்காமல், இரு பிரிவிலும் நூற்றுக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை நம்பிக்கை இடைவெளியுடன் (உண்மை எண் இருக்கக்கூடிய கீழ், மேல் எல்லைகளுடன்) கொடுங்கள். எத்தனை படுக்கைகளை ஒதுக்குவது என்று கணக்கிடும் மாவட்டக் காசநோய் அலுவலருக்கு அந்த எண்ணே உதவும்.