கடைசி மாதத்தில் அழைக்கப்படும் ‘கூட்டு’ வடிவமைப்பாளர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ஆய்வு மாணவர் ஒருவர் தம் திட்ட வரைவைக் கொண்டுவந்து காட்டினார். தலைப்பில் ‘கூட்டு வடிவமைப்பு’ என்று இருந்தது, அதாவது பயன்படுத்தப்போகிறவர்களையே சேர்த்துக்கொண்டு வடிவமைப்பது. பன்னிரண்டு மாத அட்டவணையிலோ மாற்றுத்திறனாளி மாணவர்கள் பதினோராம் மாதத்தில்தான் தலைகாட்டினார்கள். இதே அட்டவணையை நானும் ஒரு காலத்தில் போட்டவன் என்பதால், கோபத்தைவிடக் கூச்சமே மிகுதியாக வந்தது. படியேறிச் செல்ல வேண்டிய அறையில் கூட்டம் வைப்பது போன்ற, எவருக்கும் தெரிந்த பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

செய்து முடித்துவிட்டுக் கருத்துக் கேட்பது

பார்வையற்ற மாணவர்கள் வளாகத்துக்குள் வழி கண்டறிய உதவும் கைபேசிச் செயலி ஒன்றை எங்கள் குழு எட்டு மாதம் உழைத்து உருவாக்கியது. ஒன்பதாம் மாதத்தில்தான் பார்வையற்ற மாணவி ஒருவரை முதன்முதலாக அழைத்தோம். அவர் பத்து நிமிடம் பொறுமையாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, “இந்த வழியெல்லாம் எனக்கு மூன்று ஆண்டுப் பழக்கம். வகுப்பு வேறு அறைக்கு மாறினால் அந்தச் செய்தி கதவில் ஒட்டிய தாளில் இருக்கிறது. அதை எனக்கு யார் படித்துச் சொல்வது?” என்று கேட்டார். செயலியில் பிழை இருந்திருந்தால் திருத்தியிருக்கலாம். நாங்கள் எடுத்துக்கொண்ட சிக்கலே அவருடையதாக இல்லை.

அதற்குள் நிதி தீர்ந்துவிட்டது. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் படிக்கும்படி, பெயரில்லாத பொத்தான்களுக்குப் பெயர் சேர்த்தோம். குறைபார்வை உள்ளவர்களுக்காக எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாட்டை 4.5:1 விகிதத்துக்குக் கொண்டுவந்தோம். இறுதி அறிக்கையில் “பார்வையற்ற மாணவர்களுடன் இணைந்து வடிவமைத்தது” என்று எழுதிவைத்தோம். அந்த வரி இன்றும் என்னை உறுத்துகிறது, ஏனெனில் அதை எழுதியபோது எங்களில் ஒருவருக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை.

மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் அறநெறிக் குழுவின் ஒப்புதல் வரும்வரை மாற்றுத்திறனாளிகளிடம் பேசவே கூடாது என்று தொடக்கநிலை ஆய்வாளர்கள் காரணம் சொல்வதுண்டு. தரவு திரட்டுவது ஒன்று, எதை ஆராய்வது என்று முடிவு செய்ய அவர்களை ஆலோசகர்களாகச் சேர்த்துக்கொள்வது வேறொன்று. எல்லை எங்கே என்பதை அக்குழுவிடமே முன்கூட்டிக் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐ.நா. 2006-இல் ஏற்ற உடன்படிக்கையின் 4-ஆம் உறுப்பு, அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களை நெருக்கமாகக் கலந்தாலோசித்து ஈடுபடுத்த வேண்டும் என்று அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது. ஆய்வுக் குழுக்கள் தங்களுக்கு அதைவிடக் குறைந்த அளவுகோலை வைத்துக்கொள்ள நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அழைக்கப்படுபவர் “இந்தத் திட்டமே வேண்டாம்” என்று சொல்லக்கூடிய கட்டத்தில் அழைக்கப்பட வேண்டும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்ப்பது

வேண்டாம். அரை மணி நேரத்தில் கிடைப்பது திடீரென்று பார்வை மறைந்தவரின் தடுமாற்றம் மட்டுமே. வெண்கோலுடன் ஆண்டுக்கணக்கில் பழகியவரின் திறமை அதில் துளியும் தெரியாது.

நன்றியுரையை ஊதியமாக்குவது

நேரத்துக்குப் பணம் கொடுங்கள். பயணச் செலவு அதில் அடங்காது, அது தனி.

பயிலரங்கின் வழக்கத்தை மாற்றாமலிருப்பது

வண்ணத்தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டுவது வடிவமைப்பாளர்களுக்கு இரண்டாம் இயல்பாகிவிட்டது. பார்வையற்றவருக்கு அச்சுவர் வெறும் சுவர். கை நடுக்கம் உள்ளவருக்கு அந்தச் சிறு தாள் ஒரு சோதனை. ஒவ்வொரு கருத்தையும் உரக்கப் படித்துவிட்டு ஒட்டினாலே பாதிச் சிக்கல் தீரும். காது கேளாதோர் இருக்கும் அரங்கில் சைகைமொழி பெயர்ப்பு பேச்சுக்குச் சில நொடிகள் பின்தங்கித்தான் வரும் என்பதால், விரைந்து பேசுவோரிடமே விவாதம் போய்விடுகிறது. ஒரு நேரத்தில் ஒருவர் பேசுவதும், ஒருவர் முடித்தபின் சற்று நிறுத்துவதும் அங்கே கட்டாயம். நீண்ட அமர்வுக்கு ஒரே மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதும் தவறு. ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருவர் மாறி மாறிச் செய்யும் பணி அது.

மாணவர் கேட்கட்டும் என்று காத்திருப்பது

ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வோர் ஆசிரியரிடமும் தம் உடல்நிலையை முதலிலிருந்து விளக்கிச் சான்றிதழை நீட்டும் மாணவர், மற்றவர்கள் படிக்கச் செலவிடும் நேரத்தை அதற்கே செலவிடுகிறார். கேட்கத் தயங்குபவர் பெரும்பாலும் சொல்லாமலே பின்தங்கிவிடுவார். ஸ்கேன் செய்த பாடக்குறிப்பு, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளான எழுத்துணரி வழியாகப் போகாதவரை, திரைவாசிப்பானுக்கு வெறும் படம்தான். என் சொந்தக் குறிப்புகளில் பாதி இன்னும் அப்படித்தான் கிடக்கின்றன. இந்தப் பருவம் தொடங்குமுன் அவற்றை மாற்ற உட்கார்ந்தபோதுதான், எத்தனை ஆண்டுகளாக எவரும் என்னிடம் கேட்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்தேன்.