குப்பைய கொளுத்தாம குறைக்கிறது எப்படி

வாசல்ல குப்பைய கூட்டி நெருப்பு வைக்கிற பழக்கத்த தயவுசெஞ்சு விட்ருங்க, அதுலயும் பிவிசி பைப் துண்டு, வயர் எல்லாம் எரிஞ்சா டையாக்சின்னு ஒரு விஷம் வரும், பக்கத்து வீட்டு கைக்குழந்தையும் அதத்தான் மூச்சுல இழுக்குது.

மொதல்ல ஈரக்குப்பைய தனியா பிரிங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சிரும். அத வீட்டுலயே உரமாக்க, பழைய பெயிண்ட் பக்கெட் ஒண்ண நல்லா கழுவி அடியிலயும் சைடுலயும் ஓட்டை போட்டு, கீழ காஞ்ச எல பரப்பி, காய்கறி தோல், டீத்தூள் ஒரு பங்கு போட்டா மேல ரெண்டு பங்கு காஞ்ச எலயோ தேங்கா நார்த்தூளோ போட்டு மூடுங்க, கொஞ்சம் புளிச்ச மோர் தெளிச்சாலும் நல்லது. வாரத்துக்கு ரெண்டு தடவ கிளறணும். நாத்தம் வந்தா ஈரம் ஜாஸ்தி, இன்னும் எல போடுங்க. கறி, மீன் வேணாம், எலி வரும். ரெண்டு மூணு மாசத்துல மண்வாசனையோட கருப்பா உரம் ரெடி, கறிவேப்பிலை செடிக்கு போட்டு பாருங்க, எப்படி தழையுதுன்னு!

அட்டை, பேப்பர், கழுவி காயவச்ச பால் கவர் எல்லாம் பழைய பேப்பர் கடைக்கு. கேரி பேக்குக்கு தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1லேர்ந்தே தடை இருக்கு, அதனால கடைக்கு போறப்ப மஞ்சப்பை எடுத்துக்கோங்க. போகிக்கும் பழைய துணிய எரிக்காம, நல்லதா இருந்தா யாருக்காவது குடுங்க, கிழிஞ்சத கைப்பிடி துணியா வெட்டிக்கலாம்.