மோனோரயில் வரப்போகிறதா? கேட்க வேண்டிய கேள்விகள்

ஒற்றை உத்தரத்தின் மேல் ஏறியோ அடியில் தொங்கியோ ஓடும் ரயில்தான் மோனோரயில். அதற்கான திட்டம் என்றாலே முதலில் வருவது படம்தான்: ஒல்லியான தூண்கள், நீல வானம், கீழே ஆள் நடமாட்டமே இல்லாத சாலை. அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திட்ட அறிக்கைகளைப் படிப்பது என் பிழைப்பு. எந்த அறிக்கை வந்தாலும் ‘எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி’ என்ற பக்கத்தைத்தான் முதலில் தேடுவேன்.

கணக்கு எளிது. ஒரு வண்டி ஏற்றும் ஆட்களை மணிக்கு ஓடும் வண்டிகளால் பெருக்க வேண்டும். மும்பை மோனோரயிலின் நான்கு பெட்டி வண்டியில் சுமார் 560 பேர் ஏறலாம். கால் மணிக்கு ஒன்று விட்டால், மணிக்கு ஒரு திசையில் 2,240 பேர். தனித்தடத்தில் 70 பேர் ஏறும் பஸ்ஸை இரண்டு நிமிடத்துக்கு ஒன்று விட்டால் 2,100 பேர். இவ்வளவு தூண் எழுப்பியும் மிச்சம் இரண்டு பஸ் ஆட்கள்! அதே மோனோரயில் வண்டியை மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட்டால் 11,200 பேர். அப்போது பஸ்ஸால் ஈடுகொடுப்பது கடினம். ‘அதிகபட்சக் கொள்ளளவு’ என்று யாராவது ஆரம்பித்தால், “முதல் ஆண்டில் எத்தனை வண்டி வாங்குகிறீர்கள்?” என்று கேளுங்கள். பேச்சு சட்டென்று தரைக்கு வந்துவிடும்.

பிறகு ஊரின் நிலத்தைப் பாருங்கள். மோனோரயிலின் ரப்பர் சக்கரம் மேட்டில் வழுக்காமல் ஏறும், குறுகிய வளைவிலும் திரும்பும். மலைமேல் அடுக்கடுக்காக எழுந்த சீனாவின் சோங்சிங் நகரத்துக்கு அது பொருந்தியது. அங்கே ஒரு நிலையம் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜெர்மனியின் வுப்பெர்டாலில் பள்ளத்தாக்கு குறுகல் என்பதால் 1901 முதல் மோனோரயில் பெரும்பகுதி ஆற்றுக்கு மேலேயே தொங்கியபடி ஓடுகிறது. சமதரையும் அகலச் சாலையும் உள்ள ஊருக்கு இந்தச் சாமர்த்தியம் எதற்கு? டிராமோ பஸ் தடமோ போதும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: மெட்ரோ பாலத்தின் அடியில் நடந்தால் தலைக்கு மேல் கூரை; மோனோரயிலின் உத்தரங்கள் ஒரு மீட்டர்கூட அகலம் இல்லாதவை, நடுவே வானம் தெரிகிறது. கீழே கடை வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பெரும்பாலானவர்கள் கேட்க மறப்பது பாயின்ட் பற்றி, அதாவது வண்டி தடம் மாறும் இடம் பற்றி. சாதாரண ரயிலில் நாக்கு போன்ற இரண்டு இரும்புகள் சில அங்குலம் நகர்ந்தால் வண்டி தடம் மாறிவிடும். ஒரு மோனோரயில் பணிமனை வாசலில் நின்று பார்த்தபோது, வீட்டுத் தூணைவிடக் கனமான முழு உத்தரமும் பாம்பு நெளிவதுபோல் மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது. கடைசியில் பூட்டு விழுந்த சத்தம் கேட்ட பிறகே வண்டி அசைந்தது. இப்படி ஒன்றை நினைத்த இடத்திலெல்லாம் வைக்க முடியாது. ஆகவே, “நடுவழியில் ஒன்று நின்றுவிட்டால் பின்னால் வருபவை எங்கே திரும்பும்? உள்ளே இருப்பவர்கள் எப்படி இறங்குவார்கள்?” என்று கேட்டே ஆக வேண்டும். 2025 ஆகஸ்ட் மழையில், அளவுக்கு மீறிக் கூட்டம் ஏறிய மும்பை மோனோரயில் இரு நிலையங்களுக்கு நடுவே நின்றது. தீயணைப்புப் படை ஏணி வைத்துத்தான் மக்களை இறக்கியது. சில தடங்களில் உத்தரங்களுக்கு நடுவே அவசர நடைபாதை கட்டுகிறார்கள். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான் என்பது என் சந்தேகம்.

பயண நேரத்தை வாசலிலிருந்து வாசல் வரை அளந்து பாருங்கள். இந்த ரயில் பெரும்பாலும் தரையில் ஓடாது. பெரும்பாலான நிலையங்கள் மாடியில்தான். ஒருமுறை லிப்ட் பழுதான நிலையத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறினேன். மேலே போய்ச் சேர்வதற்குள் ரயில் போய்விட்டது. ரயிலுக்குள் ஆறு நிமிடம், படியிலும் நடைமேடையிலும் பதினொன்று. அறிக்கையில் ஆறு மட்டும்தான் இருக்கும்.

கடைசியாக உதிரிபாகம். உத்தரத்தின் அளவு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. “இந்த உத்தரத்தில் ஓடும் வண்டியை வேறு யார் செய்து தருவார்கள்?” என்று கேளுங்கள், இரண்டு பெயராவது வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.