பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒருவரின் பணி வரலாற்றைக் கொங்கு நாட்டிலிருந்தே தேடும் முறை

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் ஏற்காடு, வால்பாறை, கோவை என்று ஆங்கிலேயர் தங்கிய ஊர்களில் பழைய கல்லறைகளையும் தேயிலைத் தோட்டத்துக் காகிதங்களையும் பார்த்துவருபவர்களுக்கு, என்றாவது ஒரு பெயருக்குப் பின்னால் ‘ஆர்.என்.’ என்ற எழுத்துகள் தென்படலாம். பிரிட்டிஷ் கடற்படையான ராயல் நேவி என்பதன் சுருக்கம் அது. அந்த மனிதர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணியாற்றியவர் என்றால், அவர் எந்தக் கப்பலில் எந்த நாளில் ஏறினார், எப்போது பதவி உயர்ந்தார் என்பதையெல்லாம் லண்டனுக்குப் போகாமல், வீட்டிலிருந்தபடியே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

தேடலைத் தொடங்குமுன் அந்த எழுத்துகளை ஒருமுறை கவனமாகப் படியுங்கள். ‘ஆர்.என்.ஆர்.’ என்றிருந்தால் அவர் வணிகக் கப்பலிலிருந்து வந்த ரிசர்வ் அதிகாரி, ‘ஆர்.என்.வி.ஆர்.’ என்றால் தன்னார்வ ரிசர்வைச் சேர்ந்தவர், ‘ஆர்.ஐ.எம்.’ என்றால் ராயல் இந்தியன் மரீன் என்ற வேறொரு அமைப்பைச் சேர்ந்தவர். கடைசியாகச் சொன்னவரின் ஆவணங்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் இருக்கின்றன. ஓர் எழுத்தைத் தவறவிட்டால் இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்போம்.

அடுத்தது பணிமூப்பு நாள். அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்; சீனியாரிட்டி பட்டியலில் ஒரு நாள் முன்பின் ஆனால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரிட்டிஷ் கடற்படையும் அப்படியே இயங்கியது. லெப்டினன்டிலிருந்து கமாண்டராகவும், கமாண்டரிலிருந்து கேப்டனாகவும் உயர்வது தேர்வின் அடிப்படையில் நடந்தது. அந்தப் பதவி உயர்வுகள் பெரும்பாலும் ஜூன் 30, டிசம்பர் 31 ஆகிய இரு நாள்களில் அறிவிக்கப்பட்டன. கேப்டனான பிறகு அட்மிரல் நிலைக்கு உயர்வது பணிமூப்பு வரிசைப்படிதான். ஆகவே ஒரே பெயரில் இரண்டு மூன்று அதிகாரிகள் இருந்தாலும், பணிமூப்பு நாள் அவர்களைப் பிரித்துக் காட்டிவிடும். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் ஒருவரின் வாழ்க்கையை இன்னொருவர் தலையில் ஏற்றிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நாளைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இந்த நாளை ‘நேவி லிஸ்ட்’ என்ற அதிகாரபூர்வப் பட்டியலில் எடுக்கலாம். அதன் அகரவரிசைப் பகுதியில் அதிகாரியின் பெயர், பதவி, பணிமூப்பு நாள் ஆகியவை இருக்கும். கப்பல்களின் பகுதியில் ஒவ்வொரு கப்பலிலும் இருந்த அதிகாரிகளின் பெயர்கள் இருக்கும். முதல் உலகப்போர்க் காலத்துப் பட்டியல்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் தன் இணையதளத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. எடுத்த நாளை ‘லண்டன் கெஜட்’ என்ற பிரிட்டிஷ் அரசிதழின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகே லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடுதளத்துக்குப் போக வேண்டும். ஏ.டி.எம். 196 என்ற வரிசையை ஆங்கில எழுத்தில் (ADM 196) தட்டி, குடும்பப் பெயரையும் பிறந்த நாளையும் கொடுத்தால், நம்மூர் எஸ்.ஆர். புத்தகத்தை ஒத்த பணிப்பதிவேட்டின் பக்கங்கள் படமாகக் கிடைக்கும். மேலே சொன்ன ரிசர்வ் அதிகாரிகளுக்கு ஏ.டி.எம். 240, தன்னார்வ ரிசர்வினருக்கு ஏ.டி.எம். 337. பதிவேட்டில் கப்பல்களின் பெயர்களுக்குப் பக்கத்தில், மேலதிகாரி எழுதிய குறிப்புகள் நெருக்கமான கையெழுத்தில் இருக்கும். புகழ்ச்சியும் இருக்கும், கண்டிப்பும் இருக்கும். இரண்டையும் உள்ளபடியே படியெடுங்கள். நமக்குப் பிடித்ததை மட்டும் எடுப்பது அந்த மனிதருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

பழகிப்பார்க்க ஓர் அதிகாரியைச் சொல்கிறேன். கெட்டிக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் பக்கத்திலும் சொல்வார்கள். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசிக் கொளுத்திய ஜெர்மன் கப்பலின் பெயர் அது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே அதை வீழ்த்திய ‘சிட்னி’ கப்பலின் தலைவர் கேப்டன் ஜான் கிளாசப். கப்பல் ஆஸ்திரேலியக் கடற்படையுடையது. அவரோ ராயல் நேவி அதிகாரி. அதனால் அவருடைய பதிவேட்டையும் ஏ.டி.எம். 196-இல்தான் தேட வேண்டும். கப்பல் எந்த நாட்டுக்குரியது என்பது வேறு, அதிகாரி எந்தப் படைக்குரியவர் என்பது வேறு என்று இங்கே தெளிவாகிவிடும்.

படிக்கும்போது தடுமாறவைக்கும் சில இடங்கள் உண்டு. ‘எக்ஸலன்ட்’, ‘வெர்னன்’ என்ற பெயர்களைக் கண்டு அவர் கடலில் இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள். ‘எக்ஸலன்ட்’ போர்ட்ஸ்மத்தில் இருந்த பீரங்கிப் பயிற்சிப் பள்ளி, ‘வெர்னன்’ டார்பிடோ பயிற்சிப் பள்ளி. கடற்படைக் கேப்டன் தரைப்படைக் கர்னலுக்குச் சமம். சிறு கப்பலுக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்டையும் கப்பலில் கேப்டன் என்றே அழைப்பார்கள். லெப்டினன்ட் கமாண்டர் என்ற பதவி 1914 மார்ச்சில்தான் வந்தது. எட்டு ஆண்டு மூப்புள்ள லெப்டினன்டுகளுக்கு அது கிடைத்தது. அதற்கு முந்தைய ஆவணத்தில் அந்தப் பதவி இல்லையே என்று குழம்ப வேண்டாம். புகைப்படம் கிடைத்தால் சட்டைக்கையின் பொன்பட்டைகளை எண்ணுங்கள்: லெப்டினன்டுக்கு 2, கமாண்டருக்கு 3, கேப்டனுக்கு 4. 1922-ஐ ஒட்டிப் பணி திடீரென்று முடிந்திருந்தால், அது பெரும்பாலும் போருக்குப் பிந்தைய ஆட்குறைப்பின் விளைவு. ‘கெட்டிஸ் கோடரி’ என்று பெயர் பெற்ற சிக்கன நடவடிக்கை அது. அதை ஒழுங்கு நடவடிக்கை என்று எண்ணிவிடக் கூடாது.

கப்பல்களின் பெயர்கள் கிடைத்துவிட்டால், ஏ.டி.எம். 53 வரிசையிலுள்ள கப்பல் நாட்குறிப்புகளில் அன்றன்றைக்குக் கப்பல் எங்கே நின்றது என்பதைக் காணலாம். இவற்றில் ஒரு பகுதியை ‘ஓல்டு வெதர்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் பழைய வானிலைக் குறிப்புகளுக்காகப் படியெடுத்துத் தந்திருக்கிறார்கள்.

அவர் இங்கேயே இறந்திருந்தால், இந்தியா ஆபீஸ் தொகுப்பில் சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளுக்குரிய என்/2 வரிசையில் அடக்கப் பதிவு இருக்கக்கூடும். உள்ளூர்த் தேவாலயப் பதிவேட்டையும் ஆயரிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். கல்லில் எழுத்து மங்கியிருந்தால் மாவோ சுண்ணாம்போ தடவ வேண்டாம். காலைச் சாய்வெயிலில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தாலே எழுத்து தெளிவாகத் தெரியும்.