பழைய வீடு வாங்கியபின் எந்த வேலையை முதலில் தொடங்குவது?

பத்திரப்பதிவு முடிந்து சாவி கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் அழைப்பது பெயின்டரைத்தான். சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட தனிவீடுகளைப் பொறுத்தவரை இது தவறான தொடக்கம். நீர்க்கசிவை நிறுத்தாமல் அடிக்கும் பெயின்ட், அடுத்த வடகிழக்குப் பருவமழையிலேயே கொப்பளித்து உரிந்துவிடும். ஆகவே கோடைக்காலத்திலேயே மொட்டை மாடியிலிருந்து வேலையைத் தொடங்குவது நல்லது.

கசிவு எங்கே என்பதைக் கண்டறிய, மாடியின் வடிகுழாய் வாயைச் சாக்குத்துணியால் அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுவதும் விட்டுவையுங்கள். அதற்கு முன்பே கீழ்த்தளக் கூரையில் உள்ள கறைகளைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்துவிட்டால், ஈரம் கோட்டைத் தாண்டிப் பரவுகிறதா என்பது தெளிவாகத் தெரியும். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையும் வடிகுழாய் வாயின் விளிம்பும்தான் பல வீடுகளில் நீர் இறங்கும் இடங்கள். தட்டோடுகளைக் கம்பியால் மெல்லத் தட்டும்போது வெற்றோசை எழுந்தால், அந்த ஓடு அடியில் பிடிப்பை இழந்திருக்கிறது என்று பொருள். அதைப் பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும். வெள்ளை கூலிங் பெயின்ட் வெயிலின் சூட்டைக் குறைக்கும். விரிசலை அடைக்க அதை நம்பக் கூடாது.

கூரையின் அடிப்பக்கத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், தண்ணீர் கட்டிப் பார்க்கும் சோதனையைத் தவிர்த்துவிட்டு முதலில் கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். துருப்பிடித்த கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. அதன்மேல் சிமென்டைப் பூசி மறைத்தால் உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். தளர்ந்த கான்கிரீட்டை முழுவதும் கொத்தி எடுத்து, கம்பியை இரும்புத் தூரிகையால் பளிச்சென்று தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும்; கம்பி மிகவும் மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்ப்பதைப் பொறியாளரே முடிவு செய்யட்டும். இந்த ஓர் இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வீட்டில் உள்ளவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது இது.

குளியலறையில் புது டைல்ஸ் பதிக்கும் முன் வாட்டர்புரூஃபிங் பூச்சு போட்டு, அங்கேயும் தண்ணீர் கட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். சுவருக்குள் பழைய இரும்புக் குழாய்கள் இருந்தால் அந்த வேலையோடு சேர்த்தே மாற்றிவிடலாம்; வெந்நீர் வரும் வழிக்கு, சூட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் வகையான சிபிவிசி குழாய் ஏற்றது.

வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் மட்டுமே ஒப்படையுங்கள். பழைய வீடுகளில் பிளக் பாயின்டுக்கு மூன்று துளைகள் இருந்தும் எர்த் கம்பி இணைக்கப்படாமலே இருப்பதுண்டு. ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்க்கச் சொல்வது அவசியம். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) ஒன்றைப் பொருத்தி, அதன் டெஸ்ட் பொத்தானை உங்கள் கண்ணெதிரே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்; மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். ஏசி, கீசர் ஆகியவற்றுக்குத் தனித்தனி வயரும், மின்னோட்டம் அளவை மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்சான எம்சிபி தனித்தனியாகவும் தேவை. சுவரில் காடி வெட்டிப் பைப் பதித்ததும், பூசி மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்துவைத்தால், பின்னாளில் ஆணி அடிக்கும்போது வயர் ஓடும் இடம் தெரியும்.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயம் என்பதால் பல வீடுகளில் குழி இருக்கும். மண் அடைத்துக் கிடக்கும் அதைத் தூர்வாரிப் புதுச் சரளை நிரப்பும் வேலையை அக்டோபருக்கு முன் முடித்துவிடுங்கள்.

இனி பெயின்டரை அழைக்கலாம். ஆனாலும் கறை படிந்திருந்த சுவரில் ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவைத்து, உட்புறம் நீர்த்துளி படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் பட்டி வைப்பதை இன்னும் சில வாரங்கள் தள்ளிப்போடுங்கள்.