கையெழுத்திட்ட தேதியும் புறப்பட்ட தேதியும்

அமெரிக்க ராணுவத்தில் பணிக்கோப்புகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. முன்கூட்டியே சேர்க்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மாதக்கணக்கில் வீட்டில் காத்திருந்தவர்கள் தவறாமல் கேட்பார்கள்: அந்தக் காலம் ஓய்வூதியத்துக்கான 20 ஆண்டில் சேருமா? சேராது. இரண்டாம் முறை உறுதிமொழி எடுத்துப் பயிற்சிக்குப் புறப்படும் நாளில்தான் முழுநேரப் பணி தொடங்குகிறது. இதில் வாதாடிப் பயனில்லை.

ஆனால் எந்த ஓய்வூதியத் திட்டம் என்பதை முதல் கையெழுத்துதான் தீர்மானிக்கிறது. 2017 நவம்பரில் கையெழுத்திட்டு 2018 ஜூனில் புறப்பட்டவர் பழைய திட்டத்தைச் சேர்ந்தவர். அவராக விரும்பிப் புதிய கலப்புத் திட்டத்துக்கு மாறியிருக்காவிட்டால், 20 ஆண்டு முடிவில், மிக அதிகமாகப் பெற்ற 36 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் 50 சதவீதம் கிடைக்கும். 2018 ஜனவரி 1 முதல் புதிதாகக் கையெழுத்திட்டவர்களுக்கு 40 சதவீதம்; ஈடாக, சேமிப்புக் கணக்கில் அரசும் பணம் போடுகிறது. வாழ்நாள் முழுதும் வரும் தொகையில் இது சின்ன வித்தியாசமா என்ன?

ஆகவே, 'டிடி படிவம் 4' என்ற ஒப்பந்தத்தை எடுத்து, அதிலுள்ள முதல் கையெழுத்துத் தேதியைச் சம்பளச் சீட்டில் ராணுவத்தில் முதன்முதலில் சேர்ந்த தேதியைக் காட்டும் 'டயம்ஸ்' (DIEMS) கட்டத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால், படிவத்தின் நகலுடன் பணியாளர் பிரிவில் எழுத்து மூலம் திருத்தம் கேளுங்கள். மூலப்படிவத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.